புரோ பவுல்: அமெரிக்கக் கால்பந்தின் நட்சத்திர ஆட்டமும் வீரர் தேர்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் அதன் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைத்தான் கேட்பார்கள். அதையடுத்து வரும் கேள்வி அநேகமாக இதுதான்: "இந்த வீரர் ஏழு முறை புரோ பவுலர் என்று திரையில் போடுகிறார்களே, அது என்ன?" பல ஆண்டுகளாக இந்த விளையாட்டைப் பின்தொடர்ந்து வருகிறவன் என்ற முறையில், என்னிடம் வந்த கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

புரோ பவுல் என்றால் என்ன?

அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். ஆண்டுதோறும் நடத்தும் நட்சத்திர ஆட்டம். லீகில் 32 அணிகள் இருக்கின்றன. ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்று பிரிவுக்குப் பதினாறாக அவை பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் அந்த ஆண்டு சிறப்பாக ஆடியவர்களைப் பொறுக்கியெடுத்து, ஒரு பிரிவை இன்னொரு பிரிவோடு மோதவிடுவதுதான் புரோ பவுல். இதில் வென்றால் கோப்பைக் கணக்கிலோ புள்ளிப்பட்டியலிலோ எதுவும் ஏறாது. ஆனால் தேர்வானவரின் பெயருக்கு முன்னால் 'புரோ பவுலர்' என்ற அடைமொழி வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

இது நாம் ஆடும் கால்பந்துதானா?

இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடக்கும் ஆட்டம். பந்து வைத்திருப்பவரை இடித்து வீழ்த்தித் தடுப்பார்கள். வேர் ரக்பியில் இருக்கிறது.

எப்போது தொடங்கியது?

இரண்டு தொடக்கங்கள் உண்டு. பலரும் இரண்டாவதை மட்டுமே சொல்வார்கள். முதலாவது 1939 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ரிக்லி மைதானத்தில் நடந்தது. சிகாகோவில் இதே பெயரில் இருக்கும் புகழ்பெற்ற பேஸ்பால் மைதானம் வேறு, இது வேறு. அப்போது முறையும் வேறாக இருந்தது. அந்த ஆண்டின் சாம்பியன் அணி ஒரு பக்கம், மற்ற அணிகளிலிருந்து பொறுக்கிய நட்சத்திரங்கள் மறுபக்கம். சாம்பியனான நியூயார்க் ஜயண்ட்ஸ் 13-10 என்று வென்றது. போர் வந்ததும் ஆட்டம் இடம் மாறியது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட பிறகு மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூட்டுவதைத் தவிர்க்க, 1942 ஜனவரி ஆட்டத்தை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பிலடெல்பியாவில் ஒருமுறை நடந்தது. அத்துடன் நின்றுபோனது.

இன்று நாம் புரோ பவுல் என்று எண்ணுவது 1951 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியத்தில் பிறந்தது. லீகின் இரு பிரிவுகளும் மோதிய அந்த முதல் ஆட்டத்தில் அமெரிக்கன் பிரிவு 28-27 என ஒரே புள்ளியில் வென்றது. 1970இல், எதிர்ப் போட்டியாக இயங்கிய ஏ.எஃப்.எல். என்ற லீக் முழுமையாக என்.எஃப்.எல்.லுடன் இணைந்த பிறகு, 1971 முதல் ஏ.எஃப்.சி. – என்.எஃப்.சி. மோதல் என்ற இன்றைய வடிவம் வந்தது. இடையில் 2014 முதல் 2016 வரை மூன்று முறை மட்டும் பிரிவுகளை ஒதுக்கிவிட்டு, ஜெர்ரி ரைஸ், டியான் சாண்டர்ஸ் போன்ற பழைய ஜாம்பவான்கள் ஏலத்தில் எடுப்பதுபோல வீரர்களைப் பங்குபோட்டு ஆடவைத்தார்கள். ஒரே கிளப்பில் ஆடுகிறவர்களே எதிரெதிராக நிற்க நேர்ந்தது. அந்தச் சோதனை நிலைக்கவில்லை.

வீரர்களைத் தேர்ந்தெடுப்பது யார்?

மூன்று தரப்பினர்: ரசிகர்கள், லீகின் வீரர்கள், பயிற்சியாளர்கள். ஒவ்வொரு தரப்பின் வாக்குக்கும் மூன்றில் ஒரு பங்கு எடை. 1995க்கு முன்பு வீரர்களும் பயிற்சியாளர்களும் மட்டுமே வாக்களித்து வந்தார்கள். அந்த ஆண்டுதான் ரசிகர்களுக்கும் உரிமை கிடைத்தது.

இந்த மூன்றில் ஒரு பங்கு ஏற்பாடு நியாயமானது என்றே நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் எத்தனை டச்டவுன் (பந்தோடு எல்லைக் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது) எறிந்தார், ஓட்டக்காரர் எத்தனை கெஜம் ஓடினார் என்பதெல்லாம் யாரும் எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு. ஆனால் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கிறார்களே ஐந்து பேர், அவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. அவர்கள் வேலையைச் சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதிரணி ஆள் குவார்ட்டர்பேக்கை நெருங்க மாட்டார், அவ்வளவுதான். தொலைக்காட்சி பந்தின் பின்னால் போய்விடும், சுவர் கண்ணில் படாது. அந்தச் சுவரோடு மூன்று மணி நேரம் தோளால் மோதியவருக்குத்தான் அது எவ்வளவு வலுவானது என்று தெரியும். அவருடைய வாக்கு அங்கே தேவைப்படுகிறது. அதே நேரத்தில், மைதானத்துக்குக் காசு கொடுத்து வருகிறவர்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டு நட்சத்திர ஆட்டம் நடத்துவதிலும் பொருளில்லை.

குறைகள் உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. பெரிய பெயர்களுக்குப் பழக்கத்தில் விழும் வாக்குகள் ஒன்று. காலம் இன்னொன்று: வாக்களிப்பு நவம்பர் கடைசி வாக்கில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். ஆனால் வழக்கமான பருவம் ஜனவரி வரை நீள்கிறது. கடைசி வாரங்களில் ஒருவர் அணியைத் தோளில் சுமந்து அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனாலும் அது கணக்கில் வராது.

ஒரு பிரிவுக்கு எத்தனை பேர்?

44 பேர். இரு பிரிவும் சேர்த்து 88. குவார்ட்டர்பேக் மூவர், பந்து பிடிப்பவர்கள் நால்வர் என்று ஒவ்வோர் இடத்துக்கும் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருக்கிறது. உதைப்பவருக்கும் இடம் உண்டு. குனிந்து நின்று கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட 'லாங் ஸ்னாப்பர்' என்பவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. பருவம் முழுக்க யாரும் பெயர் சொல்லாத அந்த மனிதருக்கு ஆண்டில் ஒருமுறையாவது மரியாதை கிடைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தேர்வானவர் வராவிட்டால் யார் ஆடுவார்?

வாக்கு வரிசையில் அடுத்து இருப்பவர்களை மாற்று வீரர்களாக வைத்திருப்பார்கள். காயம், சொந்தக் காரணம் என்று ஒருவர் விலகினால் அடுத்தவருக்கு அழைப்பு போகும். 2010 முதல் புரோ பவுல் சூப்பர் பவுலுக்கு முன்பே நடக்கிறது. அதனால் சூப்பர் பவுலுக்குப் போகும் இரு அணிகளின் வீரர்களும் விலகித்தான் ஆக வேண்டும். அந்த இடங்கள் மொத்தமும் மாற்று வீரர்களுக்குப் போகின்றன.

எனக்கு மனத்தாங்கல் உள்ள இடம் இது. அழைப்பு வந்து போகிறவரும் 'புரோ பவுலர்' என்றே பதிவாகிறார். 2022 பருவத்தில் பால்டிமோர் அணியின் டைலர் ஹன்ட்லி நான்கு ஆட்டங்களில் மட்டுமே தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். எறிந்த டச்டவுன்கள் இரண்டு. வரிசையில் முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலக, அழைப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. ஹன்ட்லி மேல் எந்தத் தவறும் இல்லை, கூப்பிட்டார்கள், போனார். ஆனால் பதினேழு ஆட்டங்களில் அடிபட்டு உழைத்து வாக்கில் முதலிடம் பெற்றவருக்கும் இவருக்கும் பதிவேட்டில் ஒரே சொல் என்பது சரியில்லை. இரண்டு விதத் தேர்வுக்கும் இரண்டு பெயர் வைப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

தேர்வானால் வீரருக்கு என்ன கிடைக்கும்?

ஆட்டத்துக்கான தொகை முதலில். 2024இல் வென்ற தரப்பில் ஆளுக்கு 88,000 டாலர், தோற்ற தரப்பில் 44,000 டாலர். இந்த விளையாட்டின் முன்னணி வீரர்களுடைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான்.

பெரிய பணம் ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறது. பலரின் ஒப்பந்தங்களில் புரோ பவுல் தேர்வுக்குத் தனி ஊக்கத்தொகை எழுதப்பட்டிருக்கும். அதைவிட முக்கியமானது, 2020இல் லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கை. கல்லூரியிலிருந்து முதல் சுற்றில் எடுக்கப்பட்ட வீரரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. அந்த ஐந்தாம் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவற்றில் புரோ பவுல் தேர்வும் ஒன்று. முதல் மூன்று பருவங்களில் ஒருமுறை தேர்வாகியிருந்தால் ஒரு படி மேல். இரண்டு முறை என்றால் அந்த இடத்தில் ஆடும் உச்சச் சம்பளக்காரர்களின் சராசரிக்கே போய்விடும். இங்கே உடன்படிக்கை தெளிவாக ஒரு கோடு போடுகிறது: முதல் வாக்கெடுப்பில் நேரடியாகத் தேர்வாகியிருக்க வேண்டும், மாற்று வீரராகப் போனது செல்லாது. பண விஷயத்தில் லீக் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டுவிட்டது. மரியாதை விஷயத்தில் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் என் கேள்வி.

'ஆல்-புரோ' என்பதும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. ஆல்-புரோ என்பது ஆட்டம் அல்ல, பட்டியல் மட்டுமே. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நியமிக்கும் 50 ஊடகத்தினர் பருவம் முடிந்த பிறகு வாக்களிப்பார்கள். பிரிவு பார்க்காமல் லீக் முழுவதற்கும் ஒரே முதல் அணி. விலகல், மாற்று வீரர் எதுவும் கிடையாது. ஆகவே அதற்கு மதிப்பு கூடுதல். ஒரு வீரரை எடைபோட வேண்டுமென்றால் நான் முதலில் ஆல்-புரோ எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன்.

அதிக முறை தேர்வானவர் யார்?

டாம் பிரேடி, 15 முறை. ஆனால் அவற்றில் பெரும்பாலான ஆண்டுகளில் அவர் ஆட்டத்தில் இறங்கவில்லை. பெய்ட்டன் மேனிங், டோனி கொன்சாலஸ், புரூஸ் மேத்யூஸ், மெர்லின் ஓல்சன் ஆகியோர் 14 முறை. மேத்யூஸும் ஓல்சனும் அந்தப் பதினான்கையும் ஓர் ஆண்டுகூட விடாமல் தொடர்ச்சியாகப் பெற்றவர்கள். இருவரும் பந்தை ஏந்தி ஓடாத முன்வரிசை ஆட்கள். ஒருவர் தாக்கும் பக்கம், மற்றவர் தடுக்கும் பக்கம். முன்னே சொன்ன சுவர் ஞாபகம் இருக்கட்டும்.

ஹவாய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1980 முதல் 2009 வரை தொடர்ந்து முப்பது ஆண்டுகள் ஹொனலுலுவின் அலோஹா மைதானத்தில்தான் நடந்தது. வீரர்கள் குடும்பத்தோடு போய் ஒரு வாரம் கடற்கரையில் தங்கி, ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்புவார்கள். சொந்தமாக என்.எஃப்.எல். அணி இல்லாத அந்தத் தீவுக்காரர்களுக்கு ஆண்டில் ஒருமுறை அத்தனை நட்சத்திரங்களையும் நேரில் பார்க்கும் வாய்ப்பு. 2010இல் மயாமிக்குப் போய்த் திரும்பி வந்தது. 2016க்குப் பிறகு ஹவாய்க்கு வரவேயில்லை. ஆர்லாண்டோ, லாஸ் வேகஸ் என்று சுற்றியது. 2021இல் கொரோனாவால் மைதான ஆட்டமே இல்லை. வீடியோ கேமில் நடத்தினார்கள்.

ஷான் டெய்லர் பற்றி ரசிகர்கள் ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

2007 பிப்ரவரி 10, அலோஹா மைதானம். ஏ.எஃப்.சி. அணியின் பிரையன் மூர்மன் பந்தை உயர உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் 'பன்ட்' வேலைக்காரர். அன்று உதைப்பதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பந்தோடு ஓடினார். வாஷிங்டன் அணிக்காரரான ஷான் டெய்லர் குறுக்கே முழு வேகத்தில் வந்து மோதினார். மூர்மனின் கால்கள் தரையைவிட்டு எழும்பின. உடம்பு காற்றில் படுத்த நிலையில் போய் விழுந்தது. எல்லாரும் பாதி வேகத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் அது. மூர்மன் உடனே எழுந்துவிட்டார்.

அந்த நவம்பரில், மயாமி அருகே தன் வீட்டுக்குள் நுழைந்த கொள்ளையர்களால் டெய்லர் சுடப்பட்டு, நவம்பர் 27 அன்று இறந்தார். வயது 24. அந்தப் பருவத்தின் புரோ பவுல் தேர்வில் இறந்த பிறகும் அவர் பெயர் இடம்பெற்றது. மூர்மன் மீது மோதிச் சரியாக ஓராண்டு கழித்து, 2008 பிப்ரவரி 10 அன்று அதே மைதானம். வாஷிங்டனிலிருந்து தேர்வான கிறிஸ் கூலி, கிறிஸ் சாமுவேல்ஸ், ஈத்தன் ஆல்பிரைட் மூவரும் தங்கள் எண்களைக் கழற்றிவிட்டு டெய்லரின் 21ஆம் எண்ணை அணிந்தார்கள். ஆல்பிரைட் ஒரு லாங் ஸ்னாப்பர். என்.எஃப்.சி. தடுக்க இறங்கிய முதல் நகர்வில் பதினொருவருக்குப் பதிலாகப் பத்துப் பேர் மட்டுமே நின்றார்கள். பின்னால், டெய்லர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. புரோ பவுலை வெற்றுக் கேளிக்கை என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

1965இல் வீரர்கள் ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. அது புரோ பவுல் அல்ல, போட்டி லீகான ஏ.எஃப்.எல்.லின் நட்சத்திர ஆட்டம். பின்னாளில் ஏ.எஃப்.சி. ஆன அணிகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை என்பதால் இந்த வரலாற்றிலேயே அதைச் சேர்க்கிறேன்.

1965 ஜனவரியில் ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில் நடப்பதாக இருந்தது. நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் அதற்கு முந்தைய ஜூலையில்தான் கையெழுத்தாகியிருந்தது. அந்த ஊர் அப்போது தனக்கென ஒரு தொழில்முறை அணி கேட்டுக்கொண்டிருந்தது. இந்த ஆட்டம் அதற்கு ஒரு சோதனை. வந்திறங்கிய கறுப்பின வீரர்களை டாக்சிகள் ஏற்ற மறுத்தன. கேளிக்கை விடுதிகளின் வாசலில் தடுத்து நிறுத்தினார்கள், இழிவாகப் பேசினார்கள். லீகின் மிகச் சிறந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர்களுக்கு ஊருக்குள் போக வண்டி கிடைக்கவில்லை.

21 கறுப்பின வீரர்களும் தங்கியிருந்த விடுதியில் கூடிப் பேசினார்கள். இங்கே ஆடுவதில்லை என்று வாக்களித்து முடிவெடுத்துக் கிளம்பத் தயாரானார்கள். வெள்ளையின வீரர்கள் சிலரும் துணை நின்றார்கள். லீகின் ஆணையர் ஜோ ஃபாஸ் ஆட்டத்தையே ஹூஸ்டனுக்கு மாற்றினார். ஜனவரி 16 அன்று அங்கே நடந்தது. ஒரு நகரத்தின் பாகுபாட்டை எதிர்த்து வீரர்கள் ஒன்றாக நின்று ஒரு பெரிய ஆட்டத்தை இடம் மாற்றவைத்தார்கள். நட்சத்திரத் தேர்வு என்பது வெறும் பட்டமாக இல்லாமல் கையில் ஒரு பலமாக மாறிய நாள் அது.

உண்மையான ஆட்டத்தை ஏன் நிறுத்தினார்கள்?

யாரும் காயப்பட விரும்பவில்லை என்பதே உண்மையான காரணம். 2007 ஆட்டத்தில் டுரூ பிரீஸின் முழங்கை மூட்டு விலகியது. 2016 ஆட்டத்தில் டைலர் ஐஃபர்ட்டின் கணுக்காலில் ஏற்பட்ட காயத்துக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டு, அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டங்களை இழந்தார். கோடிக்கணக்கில் பணமும் குறுகிய வாழ்க்கையும் கொண்ட தொழிலில், கணக்கில் சேராத ஆட்டத்துக்காக முழங்காலைப் பணயம் வை என்று யாரிடமும் கேட்க முடியாது. விதிகளும் மென்மையாக்கப்பட்டன. குவார்ட்டர்பேக் மேல் கூடுதல் ஆட்களை ஏவக் கூடாது. 2014 முதல் தொடக்க உதையே இல்லை.

விளைவு, ஒப்புக்கு ஆடுவது. 2012இல் ஏ.எஃப்.சி. 59-41 என்று வென்றபோது ஹவாய் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். ஆணையர் ரோஜர் குட்டெல் ஆட்டத்தைக் கைவிடுவது பற்றியே பேசினார். 2022 லாஸ் வேகஸ் ஆட்டத்தில் பந்துக்காரரைத் தொட்டாலே விசில் அடிக்கும் நிலை வந்தது. அந்த செப்டம்பரில், இனி மோதல் ஆட்டம் இல்லை என்று லீக் அறிவித்தது. அது நேர்மையான முடிவு.

இப்போது என்ன நடக்கிறது?

2023 முதல் 'புரோ பவுல் கேம்ஸ்'. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பறித்தால் ஆள் அவுட் என்ற ஃபிளாக் ஃபுட்பால். தொடக்கத்தில் பக்கத்துக்கு ஏழு பேர், கூடவே திறன் போட்டிகள். முதல் மூன்று ஆண்டுகள் பெய்ட்டன், ஈலை மேனிங் சகோதரர்கள் இரு தரப்புக்கும் பயிற்சியாளர்களாக இருந்தார்கள். 2026இல் சான் பிரான்சிஸ்கோவில், சூப்பர் பவுல் வாரத்திலேயே, ஒரு மாநாட்டு மண்டபத்துக்குள் நடந்தது.

துணிப்பட்டை ஆட்டம் என்றால் ஆபத்தே இல்லையா?

இடித்து வீழ்த்துவதைவிட ஆபத்து மிகக் குறைவு. ஆனால் புரோ பவுல் வாரத்தின் மிகக் கொடிய காயம் ஃபிளாக் ஃபுட்பாலில்தான் நேர்ந்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ் நியூ இங்கிலாந்து அணிக்காக 1998இல் தன் முதல் பருவத்திலேயே 1,115 கெஜம் ஓடியவர். 1999 பிப்ரவரியில் வைகிகி கடற்கரையில் புதுமுகங்களுக்காக நடந்த மணல் ஆட்டத்தில், பந்தைத் தடுக்க எம்பிக் கீழே இறங்கியபோது முழங்கால் சிதைந்தது. காலையே எடுக்க வேண்டிவரும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். நடக்கக் கற்று, ஓடக் கற்று, 2002இல் மயாமி அணிக்காக அவர் மீண்டும் களமிறங்கினார்.

ஒலிம்பிக்கில் இந்த வீரர்களைப் பார்க்க முடியுமா?

வாய்ப்பு இருக்கிறது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு ஃபிளாக் ஃபுட்பாலையும் சேர்த்தது. அங்கே பக்கத்துக்கு ஐந்து பேர். 2025 மே மாதம் என்.எஃப்.எல். உரிமையாளர்கள் தங்கள் வீரர்களை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். ஒரு நாட்டு அணிக்கு ஒரு கிளப்பிலிருந்து ஒருவர்தான் போகலாம்.

ஆனால் அமெரிக்காவுக்கு ஏற்கெனவே ஒரு தேசிய ஃபிளாக் அணி இருக்கிறது, உலகப் பட்டங்கள் வென்ற அணி. அதன் குவார்ட்டர்பேக் டாரல் டூசெட், என்.எஃப்.எல். நட்சத்திரங்கள் என்பதற்காகவே இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்று 2024இலேயே வெளிப்படையாகச் சொன்னார். அவர் கேட்பது சலுகை அல்ல, தேர்வில் சமமாக மோதிப் பார்க்கும் உரிமை. நான் அவர் பக்கம்.